றொஜர் (கனடா)

பாரிஸ், லாச்சப்பல்
19 பெப்ரவரி 2025, புதன்

அன்புத் தங்கச்சி துஷி,

நீ அனுப்பிய கையுறை அளவாக இருக்கிறது.

ஏன் போன் வாங்கவில்லை என்று மறுபடியும் கேட்டிருக்கிறாய். கடைசித் தடவையாகச் சொல்கிறேன். போனில் உன் குரல் வரும். மற்றவையும் குரல்கள்தான். ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவற்றில் ஒன்று உன்னைப் போலவே "அண்ணை" என்று கூப்பிடும். மருந்து எடுக்கத் தொடங்கிய பிறகு அது தூரம் போய்விட்டது. ஆனாலும் காதை நம்பத் துணிவு வரவில்லை. காகிதம் அப்படியல்ல. வரிகளை மேல்நோக்கிச் சரித்து எழுதுவாய், சின்ன வயதில் நான் பழக்கிய நாளிலிருந்து. காகிதத்தில் இருப்பது நீதான். அதில் எனக்குச் சந்தேகம் வந்ததே இல்லை.

புதினம் ஒன்று. புதன்கிழமைகளில் மேளம் அடிக்கிறேன். சிரிக்காதே. சம்பா. பிரேசில்காரரின் கார்னிவல் மேளம். ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில் ஒரு நிலக்கீழ் அறை. குழுவின் பெயர் 'திறந்த கதவு'. ஆனால் அந்த அறையின் கதவு இரும்பு. இறுகிப்போனது. திறக்கவும் சாத்தவும் இரண்டு பேர் வேண்டும்.

முப்பது பேர் இருக்கிறோம். சிலர் என்னைப் போல ஆஸ்பத்திரி கண்டவர்கள். சிலர் தாதிகள். சிலர் சும்மா அயலவர். யார் எது என்று கேட்கக் கூடாது. சட்டம் அது ஒன்றுதான். எல்லாருக்கும் ஒரே மஞ்சள் சட்டை. தெருவில் பார்ப்பவர்களாலும் பிரிக்க முடியாது.

எனக்குச் சுர்டோ தந்திருக்கிறார்கள். இடுப்பில் தொங்கும் பெரிய மேளம். இரண்டு உண்டு. முதலாவது கேட்கும், இரண்டாவது பதில் சொல்லும். முதலாவது ஜெர்மேன். அறுபது வயது. மூன்று மாதமாகப் பக்கத்தில் நிற்கிறேன், அவ நோயாளியா தாதியா என்று இன்னும் தெரியாது. நான் இரண்டாவது. அடிக்கும்போது தலைக்குள் வேறு எதற்கும் இடமில்லை.

ஜூன் 15, ஞாயிறு, தெருவில் ஊர்வலம். நீ வர வேண்டும். ஓரத்தில் நின்றால் போதும்.

அம்மா எப்படி? அவ இருக்கும் பியர்ஃபித் இங்கிருந்து அரை மணித்தியாலம். அவவைக் கண்டு நாலு வருடம்.

உன் அண்ணை,
றொஜர்


துலூஸ்
3 மார்ச் 2025

அன்புள்ள அண்ணைக்கு,

சிரிக்காதே என்று எழுதிய இடத்தில்தான் சிரித்தேன். பிறகு முழுவதையும் இரண்டு தரம் வாசித்தேன். இப்படி நீளமாக எழுதி எவ்வளவு காலம். இனிமேல் இரண்டு வரி எழுதி அனுப்பினால் கோபிப்பேன்.

என்னிடமும் புதினம் இருக்கிறது. எனக்குக் கலியாணம். ஆகஸ்ட் 30. பெயர் அலெக்சிஸ், இங்கே என்னோடு வேலை செய்கிறார். நாங்களே பேசி, பிறகு பெரியவர்களைப் பேச வைத்தோம். அவருடைய தாய் மரியநாயகி அன்ரி பியர்ஃபித்தில் இருக்கிறா. அம்மா போகும் மாதா கோயிலுக்குத்தான் அவவும் போகிறவ. நல்ல வாய். நல்ல மனம் என்றும் நினைக்கிறேன்.

அண்ணை, ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போன இரண்டாவது கிழமை, கோயில் வாசலில் "மோன் எங்கை?" என்று கேட்டவர்களுக்கு அம்மா "கனடாவிலை" என்றா. உங்களுக்கு அது தெரியும். அந்த ஒரு சொல் இப்போது வளர்ந்துவிட்டது. ஸ்காபரோவில் உங்களுக்கு வீடு இருக்கிறது. கணக்காளர் வேலை இருக்கிறது. போன மாதம் என் காதாலேயே கேட்டேன், பனி அள்ளி உங்களுக்கு முதுகு நோவாம்.

அலெக்சிஸுக்கும் அதுதான் தெரியும். நான் சொல்லவில்லை. மறுக்கவும் இல்லை.

உயிர்த்த ஞாயிற்றுக்கு முதல் சொல்லிவிடுவேன். சத்தியம். அப்பா இல்லை. கோயிலுக்குள் என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போக வேண்டியவர் நீங்கள். வேறு ஒருவரை நான் நினைத்தும் பார்க்கவில்லை.

ஊர்வலம் எந்தத் தெருவால் போகும்?

பாசத்துடன்,
துஷி


பாரிஸ்
30 மார்ச் 2025

துஷி,

அலெக்சிஸ். நல்ல பெயர். என் வணக்கத்தைச் சொல்லு. நீ எல்லாம் சொன்ன பிறகு.

கோயில் நடையைப் பழகுகிறேன். மேளத்தோடு நடக்கும்போது காலைச் சின்னதாக வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முழங்கால் அடிபடும். உன்னோடும் அப்படித்தான் நடக்க வேண்டும் என்று ஜெர்மேன் சொல்கிறா. மணப்பெண்ணின் உடுப்பு நிலத்தில் இழுபடுமாம். தங்கச்சி சேலை கட்டுவாள் என்றேன். "அப்படியென்றால் இன்னும் மெதுவாக" என்றா. அறை முழுக்க என் தங்கச்சியின் கலியாணம் தெரியும். உன்னைப் பற்றி அவ்வளவு சொல்லிவிட்டேன்.

ஊர்வலம் ரூ பிலிப்-து-ஜிராரில் தொடங்கி ரூ காய்க்குள் திரும்பும். ஓம். எங்கள் கடைகளுக்கு நடுவால்.

நாலு வருடமாக அந்தத் தெருவுக்குள் போகாமல் சுற்றித்தான் போனேன். போன செவ்வாய் உள்ளே போனேன். வாமதேவன் அண்ணையின் கடையில் மரவள்ளிக்கிழங்கு.

"டேய் றொஜர்! எப்ப கனடாவாலை வந்தனீ?"

"வரேல்லை அண்ணை."

"வரேல்லையோ? அப்ப ஆரிது முன்னாலை நிக்கிறது, ஆவியோ?"

"நான் போகேல்லை அண்ணை."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கிழங்கைப் பார்த்தார். "நல்ல கிழங்கு. மாப்பிடிச்சது" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் பைக்குள் நான் கேட்காத கறிவேப்பிலை.

நான் இங்கேதான் இருக்கிறேன் என்று ஒரு மனிதருக்குச் சொன்னேன், துஷி. வானம் இடிந்து விழவில்லை.

றொஜர்


துலூஸ்
25 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணைக்கு,

உயிர்த்த ஞாயிறு போய்விட்டது. நான் சொல்லவில்லை.

பெரிய வெள்ளிக்கு முதல் நாள் அலெக்சிஸோடு காரில் இருந்தேன். தொண்டை வரைக்கும் வந்தது. அவர் "என்ன?" என்று கேட்டார். "தண்ணீர் விடாய்க்கிறது" என்றேன். அவர் காரை நிறுத்திப் போத்தல் வாங்கிக்கொண்டு வந்தார். அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு இருந்தேன்.

வாமதேவன் அண்ணை அம்மாவைக் கண்டு "மோன் நல்லா மெலிஞ்சு போனான்" என்று மட்டும் சொன்னாராம். அம்மா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இனி எழுதுவது கஷ்டம். ஜூன் 15 அன்றுதான் மரியநாயகி அன்ரி அம்மாவைக் கூட்டிக்கொண்டு கூறைச்சேலை எடுக்க வருகிறா. ரூ காய்க்கு. அவவுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஓய்வு. நான் திகதியை மாற்றிப் பார்த்தேன், முடியவில்லை.

நீங்கள் அன்று போகாமல் விடலாமா, அண்ணை? அல்லது முகத்துக்கு ஏதாவது நிறம் பூசலாமா? கார்னிவல்தானே. எல்லாரும் பூசுவார்கள்தானே.

எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன். இன்னும் கொஞ்சம் நாள் தாருங்கள். நான் சொல்வேன்.

துஷி


பாரிஸ்
11 மே 2025

துஷி,

ழான்-லூக்கிடம் கேட்டேன். விசில் ஊதி எங்களை நடத்துபவர். முகத்துக்கு நிறம் பூசலாமா என்று. முகத்தை மறைத்துக்கொண்டு போவதென்றால் முப்பது பேரும் வீட்டிலேயே இருந்திருக்கலாம் என்றார். கோபத்தில் சொல்லவில்லை. எனக்கு ஆரோ சொல்லித்தான் கேட்கிறேன் என்று அவருக்கு விளங்கியது.

போகாமல் விடவும் முடியாது. இரண்டாவது சுர்டோ இல்லாவிட்டால் முதலாவது கேட்டுக்கொண்டே இருக்கும். பதில் வராது. முப்பது பேர் கால் வைக்க இடம் தெரியாமல் நிற்பார்கள்.

ஆகவே இப்படிச் செய்கிறேன். நடப்பேன். அம்மாவைக் கண்டாலும் கூப்பிட மாட்டேன். ஆர் என்ன கேட்டாலும் அம்மாவின் பெயரைச் சொல்ல மாட்டேன். காகிதத்தில் எழுதித் தருகிறேன். நம்பலாம்.

நீ வந்து ஓரத்தில் நில்லு. அது போதும்.

றொஜர்


பாரிஸ்
17 ஜூன் 2025

துஷி,

நீ வரவில்லை. ஓரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன், ஒரு இடத்தில் அடி பிசகியது. ஜெர்மேன் முழங்கையால் இடித்தா.

வெயில். ரூ காய்க்குள் திரும்பியபோது கடைக்காரர் எல்லாரும் வெளியில் வந்தார்கள். ஒருவர் பால்கனியில் இருந்து மல்லிகைப்பூ எறிந்தார், மாலைக் கடையில் மிஞ்சியதாக இருக்கும். வாமதேவன் அண்ணை என்னைக் கண்டு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டினார். "அடியடா! அடியடா!" சேலைக்கடைக்கு முன்னால் விசில். நின்றோம். அங்கே ஐந்து நிமிடம் நின்று அடிப்பதென்று முதலே பேசியிருந்தது.

அம்மா வாசலில் நின்றா. கையில் கடைப்பை. தலைமயிருக்குச் சாயம் பூசுவதை விட்டுவிட்டா, நீ அதை எழுதவில்லை. பக்கத்தில் ஒரு பருத்த மனுசி தாளத்துக்குத் தோளை ஆட்டிக்கொண்டு நின்றது. மரியநாயகி அன்ரி என்று பார்த்தவுடன் தெரிந்தது.

அடித்து முடிந்ததும் அந்த மனுசி தண்ணீர்ப் போத்தலோடு நேரே என்னிடம் வந்தது. மஞ்சள் சட்டைகளுக்குள் தமிழ் முகம் என்னுடையது ஒன்றுதான்.

"குடியுங்கோ தம்பி. என்ன வேர்வை இது! எந்த ஊர் நீங்கள்?"

"யாழ்ப்பாணம்."

"அது தெரியுது. நீர் ஆற்றை மோன்?"

யாருடைய மகன் என்று எங்கள் சனம் கேட்கும் கேள்விதானே. ஆஸ்பத்திரியில்கூட இவ்வளவு கஷ்டமான கேள்வி ஆரும் கேட்கவில்லை. அம்மா இரண்டடி பின்னால் நின்றா. நான் அவவைப் பார்த்தேன். அவ பைக்குள் இருந்த சேலையைப் பார்த்தா. என் மகன் என்று சொல்ல அவவுக்கு ஒரு கணம் இருந்தது, துஷி. நான் அவசரப்படவில்லை. தண்ணீரைக் குடித்தேன். மூடியைத் திருகினேன். இன்னும் ஒரு கணம்.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

அந்த மனுசி என் கன்னத்தைத் தடவியது. திரும்பி அம்மாவிடம் சொன்னது: "பாவம் பிள்ளை. தாய்தேப்பன் பேரும் மறந்து போச்சுது."

அம்மா "ஓம்" என்றா.

விசில் ஊதியது. நடந்தோம்.

நான் சொன்னபடி செய்தேன்.

றொஜர்


துலூஸ்
6 ஜூலை 2025

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதம் வந்து இரண்டு கிழமைக்கு மேல். ஆறு தரம் எழுதிக் கிழித்தேன்.

அம்மா சேலையைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் அலுமாரிக்குள் வைத்தா. நான் போன் எடுத்தபோது ஒரு வசனம்தான் சொன்னா. "அவன் மெலியேல்லை." பிறகு வைத்துவிட்டா.

மரியநாயகி அன்ரி உங்களை மறக்கவில்லை. கோயிலில் உங்களுக்காக மெழுகுதிரி கொளுத்தினா. காண்பவர்களுக்கெல்லாம் உங்களைப் பற்றிச் சொல்கிறா. அவவுடைய தம்பி ஒருவரும் உங்களைப் போல இருந்தவராம், மன்னாரில். அதை இத்தனை நாளும் நான் அறியவில்லை. அவவுக்கு நாங்கள் பயப்பட்டிருக்கத் தேவையே இல்லை.

அண்ணை, அதை அறிந்த அன்றே அலெக்சிஸிடம் சொல்லத் தொடங்கினேன். உண்மையாகத் தொடங்கினேன். அவர் முந்திக்கொண்டார். "அம்மா ஒரு பிள்ளையைக் கண்டவவாம், தாய் பேரும் மறந்திட்டானாம், உம்மடை அம்மாவும் பக்கத்திலை நிண்டவவாம்" என்றார். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? அந்தப் பிள்ளை எங்கள் அண்ணை, அந்தத் தாய் பக்கத்திலேயே நின்றா என்று சொல்வதா? முன்பு கனடா மட்டும்தான் பொய். இப்போது சொன்னால் அம்மாவுக்கு முகம் இருக்காது. செத்துப்போவா.

அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. எங்கள் வழக்கப்படி உறவுகளுக்குப் பக்கத்தில் நாடு போட்டிருக்கிறார்கள். மணமகளின் தமையன்: றொஜர் (கனடா).

கோயிலுக்குள் சித்தப்பா கூட்டிக்கொண்டு போவார்.

இன்னும் ஒன்று. அம்மா கேட்கச் சொன்னா, நானும் கேட்கிறேன், அம்மாமேல் மட்டும் பழியைப் போட மாட்டேன். வர முடியாத உறவுகளின் வாழ்த்தை மண்டபத்தில் வாசிப்பார்கள். தமையனிடமிருந்து ஒன்றும் இல்லாவிட்டால் சனம் கதைக்கும். கனடாவில் இருந்து எழுதுவது போல ஒரு பக்கம். ஒரே ஒரு தடவை.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை.

துஷி


பாரிஸ்
10 ஆகஸ்ட் 2025

துஷி,

நீ கேட்டது தனித்தாளில் இருக்கிறது.

இரண்டு நாள் எடுத்தது. ஸ்காபரோவில் என்ன இருக்கும் என்று நூலகத்தில் படம் பார்த்தேன்.

காகிதத்தில் நான் பொய் எழுதுவது இது முதல் தடவை. எழுதி முடித்து வாசித்துப் பார்த்தேன். என் கையெழுத்து. இதே பேனை. மற்றக் கடிதங்களோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், ஒரு வித்தியாசமும் இல்லை. இந்தத் தாளையும் அந்தத் தாளையும் ஒருவரே எழுதியிருக்கிறார்.

இனிக் காகிதமும் போன் மாதிரி.

சந்தோசமாக இரு.

றொஜர்


ஸ்காபரோ, கனடா
30 ஆகஸ்ட் 2025

அன்புத் தங்கை துஷ்யந்திக்கும் மைத்துனர் அலெக்சிஸுக்கும், மண்டபத்தில் கூடியிருக்கும் உறவுகளுக்கும்,

வேலையின் காரணமாக வரக் கிடைக்கவில்லை. மன்னிக்க வேண்டும். இங்கே நான் சுகம். வீடு பெரிது, முற்றமும் உண்டு. மாரியில் பனி அள்ளி முதுகு நோ, இப்போது பரவாயில்லை.

இந்த நாளில் நான் தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குள் நடந்திருக்க வேண்டும். சின்னச் சின்ன அடியாக. நன்றாகப் பழகியும் வைத்திருந்தேன். தூரம் அதிகமாகிவிட்டது.

மைத்துனரே, இவளுக்குத் தண்ணீர் விடாய்க்கிறது என்று சொன்னால் ஒரு நிமிடம் பொறுத்து இன்னொரு தரம் கேளுங்கள்.

என்னைத் தெரியாதவர்கள் மண்டபத்தில் இருக்கக்கூடும். ஆற்றை மோன் என்று அவர்கள் கேட்கலாம். நான் காலஞ்சென்ற செபஸ்தியாம்பிள்ளைக்கும் இம்மாகுலேற்றுக்கும் மூத்த மகன். அது எனக்கு எப்போதும் ஞாபகம் இருக்கிறது.

அம்மா, நான் மெலியவில்லை.

இருவரும் நீடு வாழ்க.

றொஜர்
(கனடா)


துலூஸ்
8 செப்டெம்பர் 2025

அன்புள்ள அண்ணைக்கு,

சித்தப்பா வாசித்தார். நல்ல குரலில், நிறுத்தி நிறுத்தி. மூத்த மகன் என்ற இடத்தில் அம்மா எழுந்து வெளியே போனா. பிள்ளையைப் பிரிந்த துக்கம் என்று சனம் சொன்னது. மரியநாயகி அன்ரி போய் அம்மாவைக் கட்டிப்பிடித்துக் கூட்டி வந்தா. "தங்கமான மோன் உங்களுக்கு" என்றா. எல்லாரும் கைதட்டினார்கள்.

நான் தட்டவில்லை. மணப்பெண் தட்டுவதில்லை என்று நினைத்திருப்பார்கள்.

அண்ணை, எழுதுங்கள். இரண்டு வரி போதும். கோபிக்க மாட்டேன்.

துஷி


பாரிஸ், மொன்பர்னாஸ் நிலையம்
23 ஒக்டோபர் 2025

அண்ணை,

ஆறு கிழமை பார்த்தேன். பதில் இல்லை. நேற்றுப் புதன்கிழமை. லீவு போட்டுவிட்டு வந்தேன். அலெக்சிஸுக்குச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன், எல்லாவற்றையும். அவர் "போயிட்டு வாரும்" என்றார். இனி அவர் வீட்டில் என்ன நடக்கும் என்று தெரியவில்லை.

ரூ பிலிப்-து-ஜிராரில் அந்த இரும்புக் கதவைக் கண்டுபிடித்தேன். நீங்கள் எழுதியது போல இறுகித்தான் இருந்தது. தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. உள்ளே மேளம் கேட்டது. ஒன்று கேட்க, மற்றது பதில் சொன்னது. ஒரு தடவையும் பிந்தவில்லை.

இடைவெளி விழுந்தபோது தட்டினேன். உள்ளேயிருந்து ஒருவர் இழுக்க நான் தள்ளினேன். கொஞ்சம் திறந்தது. கழுத்தில் விசில். ழான்-லூக்காகத்தான் இருக்க வேண்டும். அவருக்குப் பின்னால் உங்கள் முதுகு தெரிந்தது. மஞ்சள் சட்டை. ஜெர்மேன் ஏதோ சொல்ல நீங்கள் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை நான் மறந்துபோயிருந்தேன்.

யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டார்.

"நான் றொஜரின் தங்கை."

அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. "றொஜரின் தங்கையா! கலியாணம் முடித்துக் கனடாவுக்குப் போய்விட்டா என்றல்லவா சொன்னார். அங்கே இப்போதே பனியா? எப்போது வந்தீர்கள்?"

உள்ளே முதலாவது மேளம் தொடங்கிவிட்டது. நீங்கள் பதில் அடித்தீர்கள்.

"அவரைக் கூப்பிடவா?" என்றார்.

அடிக்கும்போது தலைக்குள் வேறு எதற்கும் இடமில்லை என்று எழுதியிருந்தீர்கள். வேண்டாம் என்றேன். நான் வரவில்லை என்று சொல்லுங்கள் என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை. ஆனால் அங்கே கேள்வி கேட்பதில்லை அல்லவா, தலையாட்டினார்.

அவரால் தனியாகக் கதவைச் சாத்த முடியவில்லை. நான் வெளியில் இருந்து பிடித்து இழுத்துக் கொடுத்தேன்.

துஷி